சுண்ணாம்புக்கார ஒழுங்கை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் அகதி விசாரணைகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய்வந்தேன். அப்போது சென் ஜேம்ஸ் ரவுணில் குடியிருந்தேன். வேலை சுலபம். தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. வந்தவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஒரே கிழமையில் மீன் பிடிப்பவனாகவும் கணக்கு வாத்தியாராகவும் மூன்று பிள்ளைகளின் தாயாகவும் இருந்திருக்கிறேன். சொந்தக் கருத்து உள்ளவர்களுக்கு அந்த வேலை சரிவராது. எனக்கு அப்போது அப்படி ஒன்றும் இருக்கவில்லை, ஆகவே நன்றாகச் செய்தேன்.

வந்தவர் சொல்கிற ஊர்க்காரர்தானா என்று பார்க்க அதிகாரிகள் தெருவைப் பற்றிக் கேட்பார்கள். உங்கள் வீதியின் பெயர் என்ன, அடுத்த வீதி எது, சந்தியில் என்ன இருக்கிறது? கேட்பவருக்கு இது சின்னக் கேள்வி. எங்கள் பட்டணத்து ஆட்களுக்கு அதில்தான் கண்டம்.

எங்கள் பட்டணம் இலங்கையின் வடக்கில், கடலை ஒட்டியது. அங்கே ஒரு தெருவுக்குக் குறைந்தது மூன்று பெயர் இருக்கும். வெள்ளைக்காரன் வைத்தது ஒன்று, நகரசபை பலகையில் எழுதியது ஒன்று, சனங்களின் வாயில் இருப்பது ஒன்று. வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பெயரில் இருந்த றோட்டுக்கு நகரசபை ஒரு புலவரின் பெயரை வைத்தது. சனங்கள் துரையையும் விட்டார்கள், புலவரையும் விட்டார்கள், எந்தக் காலத்திலோ இருந்த உப்புக் களஞ்சியத்தை நினைத்து ‘உப்புக்கிட்டங்கி றோட்’ என்றார்கள். உப்பும் இல்லை, கிட்டங்கியும் இல்லை. குதிரைலாயச் சந்தியில் குதிரையைக் கண்டவன் கிடையாது. அதிகாரியின் கையில் இருக்கும் வரைபடத்தில் துரை இருப்பார், வந்தவரின் வாயில் உப்பு இருக்கும். பிறகு சட்டத்தரணிதான் இரண்டையும் பொருத்திக் காட்ட வேண்டும்.

எனக்கு இந்தப் பெயர்களின் பூர்வீகத்தில் ஒரு பைத்தியம் இருந்தது. இடைவேளைகளில் ஒன்ராறியோ வாவிக் கரைக்கு நடந்துபோய் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். வாவிதான், ஆனால் நாங்கள் எல்லோரும் அதைக் கடல் என்றே சொன்னோம். உப்பு மணம் மட்டும் வராது. 

அந்த மனிதர் வந்தது ஒரு குளிர்காலத்தில். நாற்பது வயது மதிக்கலாம். கோட் அவருடையது அல்ல என்று தோளிலேயே தெரிந்தது. விண்ணப்பத்தில் அவருடைய முகவரி கஸ்டம்ஸ் றோட் என்று இருந்தது. அது நான் பிறந்து வளர்ந்த தெரு. பெரிய வீடுகள், கோயில் ஒன்று, வாசலுக்கு வாசல் டொக்டர்களினதும் அப்புக்காத்து என்கிற பெரிய வக்கீல்களினதும் பெயர்ப்பலகைகள். ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாடகைக்கு இருந்தவராக்கும் என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பாளன் நினைப்பது யாருக்கும் வேண்டாத சங்கதி.

விசாரணை அதிகாரி தன்மையான பெண்மணி. கஸ்டம்ஸ் றோட்டின் தொடக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் தபால்கந்தோர் என்றார். அது அடுத்த தெருவில். கோயில் எந்தப் பக்கம் என்று கேட்டார். அவர் தடுமாறினார். நான் தடுமாற்றத்தையும் சேர்த்து மொழிபெயர்த்தேன்.

“உங்கள் வீட்டு முன்கதவைத் திறந்தால் என்ன தெரியும்?”

“கடல்” என்றார், யோசிக்காமல்.

நானும் ஆங்கிலத்தில் கடல் என்றேன். அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். “இந்த வீதி கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறதே?” என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், கடலை மறைக்க முடியாது. அவர் பார்த்தது அதிகாரியை அல்ல, என்னை.

அப்போது எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், கடலுக்கும் எங்கள் மதிலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து, இருந்தது. ஒல்லாந்தர் கோட்டை கட்டியபோது சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதற்காகக் குடியேற்றிய ஆட்களின் வழிவந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பார்கள். சூளைகள் அணைந்து எவ்வளவோ காலம் ஆகியும் பெயர் அணையவில்லை. நகரசபை ‘கடலோர முதலாம் ஒழுங்கை’ என்று பலகை நட்டது. சனங்களுக்கு அது சுண்ணாம்புக்கார ஒழுங்கைதான். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். அங்கிருந்து வருகிறவர்கள் எங்கள் பின்வாசலோடு நின்றுவிடுவார்கள். எங்கள் தெருவில் நடந்தோ முன்வாசலால் வந்தோ ஒருவரை நான் கண்டதில்லை.

விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவரும் நம்மவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவரிடம் ஒழுங்கையின் பெயரைச் சொல்ல மனம் வராமல் இந்த மனிதர் பக்கத்துப் பெரிய தெருவைச் சொல்லியிருக்கிறார். இப்போது அந்தப் பொய் அவரைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறது. திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பது அங்கிருந்த எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒழுங்கையின் பெயரைச் சொன்னால் போதும். அதிகாரிக்குச் சுண்ணாம்புக்கார ஒழுங்கையும் ஒன்றுதான், ரொறன்ரோவின் குயின் ஸ்ரீற்றும் ஒன்றுதான். அவரை விட்டால் அந்த அறையில் வித்தியாசம் தெரிந்தவன் ஒருவன்தான், அது நான். என் பேச்சிலேயே ஊரைப் பிடித்திருந்தார். எனக்கு முன்னால் சொல்வதைவிட நாடு கடத்தப்படுவது மேல் என்று அந்த மனிதர் இருந்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

இடைவேளை விட்டார்கள். விண்ணப்பதாரியோடு நாங்கள் கதைக்கக் கூடாது என்பது சட்டம். கோப்பி மெசினடியில் அவராக வந்து நின்றார்.

“அண்ணை, நீங்களும் அந்த ரவுண்தானே? எவடம்?”

வேறு எந்த இடத்தையும் சொல்லியிருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது. “கஸ்டம்ஸ் றோட்.”

கோப்பியை ஒரு வாய் குடித்தார். “அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“ஓம்.”

நான் நேரே அவருடைய இளம் சட்டத்தரணியிடம் போய், இந்த வழக்குக்கு வேறு மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், முடியுமானால் எங்கள் ஊர்ப்பக்கம் இல்லாத ஒருவரை, என்றேன். அந்தப் பிள்ளை குழம்பிப்போய், “அவரை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“எனக்கு அவரைத் தெரியாது. அவருக்கு என்னைத் தெரியும்.”

விசாரணையை ஒத்திவைத்தார்கள். அடுத்த தவணைக்குக் கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர் ஒருவர் போனார். எங்களோடு வேலை செய்தவர். விலாசம் திருத்தப்பட்டது, மனிதர் ஏற்றுக்கொள்ளப்பட்டார். வழக்குகளைப் பற்றி வெளியே பேசாத அந்த நண்பர் இதற்கு மட்டும் ஒரு வரி சொன்னார்: “மனிசன் அவர்ட ஒழுங்கையப் பத்திக் கதை கதையா பேசினாரு. மொதல் தடவ ஏன் பேசாம இருந்தாரு?” 

நான் தெரியாது என்றேன்.

சில வருடங்கள் போயின. நான் அஜின்கோர்ட்டுக்கு வீடு மாறினேன். அங்கே ஒரு பிறந்தநாள் விழாவில், பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும் மண்டபத்தில், எனக்கு ஒதுக்கிய மேசையில் அவர் இருந்தார். இந்த முறை கோட் அளவானதாக இருந்தது. பக்கத்தில் பதின்வயது மகள். இருவரும் தலையாட்டிக்கொண்டோம். அதே மேசையில் ஓர் அங்கிள். எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு வருவதற்கு முன் ஒரு கேள்வி வரும். அது அந்த மனிதரைப் பார்த்து வந்தது.

“தம்பி, ஊரில எவடம்?”

“ரவுண், அங்கிள்.”

“ரவுண் எண்டா, ரவுணில எவடம்? எந்தப் பக்கம்?”

இந்தக் கேள்வி எதற்கென்று அந்த மேசையில் மகளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கனடாவுக்கு எதைக் கொண்டுவர மறந்தாலும் இதை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“எங்கட கஸ்டம்ஸ் றோட்தான், அங்கிள். எங்கட வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி.”

கூட்டாமல் குறைக்காமல் சொல்வதற்குச் சத்தியம் செய்து சம்பளம் வாங்கியவன் நான். அன்று ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்தேன். அங்கிளின் முகம் மலர்ந்தது. “அப்ப எங்கட ஆக்கள்” என்றார். நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்கும் உள்ளூரப் பெருமை.

அந்த மனிதர் முன்னால் இருந்த வெறும் தட்டைத் தள்ளி வைத்தார்.

“இல்லை அங்கிள். நான் சுண்ணாம்புக்கார ஒழுங்கை. கோட்டை மதில் எங்கட ஆக்கள் சுட்ட சுண்ணாம்பிலதான் நிக்குது.”

“What’s that, அப்பா?” என்றாள் மகள். “எங்கட றோட், பிள்ளை. வீட்டை போய்ச் சொல்லுறன்” என்றார்.

அங்கிள் கையைக் காதில் வைத்தார். “பாட்டுச் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லை. என்ன றோட் எண்டனீர்?” அவருக்கு நன்றாகவே கேட்டிருந்தது. கேட்காததுபோல் இருந்துவிட்டால் சொன்னது சொல்லாததாகிவிடும் என்பது எங்கள் ஊர் மரியாதை.

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை.

“அண்ணை, அண்டைக்கு நான் சொன்னதை அப்பிடியே சொன்னனீங்கள். இண்டைக்கும் அப்பிடியே சொல்லிவிடுங்கோ.”

என் காது சுட்டது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, எங்கள் வீட்டார் குரலைத் தாழ்த்திய அதே வேலையைத்தான் நானும் செய்திருந்தேன். அங்கிளின் பக்கம் குனிந்து, அந்த மேசை முழுவதற்கும் கேட்கும்படி, “சுண்ணாம்புக்கார ஒழுங்கை” என்று உரத்துச் சொன்னேன்.