வருஷத்துக்கு இரண்டு சீனக் கேக்

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு ஆள் இருக்காது. பொங்கலுக்கும் இருக்காது. என் கணவர் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தார். அங்கே சீனர்களின் புத்தாண்டுக்குத்தான் பட்டறையை மொத்தமாகப் பூட்டுவார்கள். அதோடு விடுப்பையும் சேர்த்துக்கொண்டு ஒரு மாதம் வருவார். அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து எங்களுக்கு வருஷம் பிறப்பது தைக் கடைசியிலோ மாசி முதலிலோதான். சமயநல்லூரில் எங்கள் தெருக்காரர்களுக்கும் இது பழகிவிட்டது. வாசலில் அவருடைய செருப்பைப் பார்த்தால், "என்னக்கா, சீனாக்காரனுக்குப் பொங்கல் வந்துருச்சா?" என்று கேட்பார்கள்.

வரும்போதெல்லாம் பெட்டியில் இரண்டு கேக் இருக்கும். கேக் என்று நாங்கள் வைத்த பெயர்தான். ஒட்டரிசி மாவையும் சர்க்கரையையும் கரைத்து, வாழையிலை விரித்த டப்பாவில் ஊற்றி, நாள் முழுக்க ஆவியில் வேகவைத்து எடுப்பார்களாம். கருப்பட்டிப் பாகு நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக இருக்கும். மேலே ஒரு சிவப்புத் தாளும், அதில் பொன்னிறத்தில் ஒரு சீன எழுத்தும் இருக்கும். செய்த அன்றைக்குப் பசை மாதிரி இழுக்கும், நாலு நாள் போனால் கத்தி இறங்காது. அதன் சீனப் பெயரை அவர் பல தடவை சொல்லிக்கொடுத்தும் என் வாயில் நுழையவில்லை. "வருசத்துக்கு வருசம் ஒசந்து போவோம்னு அந்தப் பேருக்கு அர்த்தமாம்" என்று மட்டும் ஞாபகம்.

பட்டறைக்கு எதிரே காப்பிக்கடை வைத்திருந்த ஒரு சீனப் பெண்மணி தன் கையால் செய்து கொடுப்பது அது. அவரை 'சீனக்கா' என்றுதான் என் கணவர் சொல்வார். தமிழ் கொஞ்சம், மலாய் கொஞ்சம், மீதி கையாட்டல் என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வார்களாம்.

கல்யாணமாகி நாற்பதாம் நாள் கிளம்பிப் போனவர், அடுத்த வருஷம் வந்தபோது முதல் தடவையாக அதைக் கொண்டுவந்தார். அரிவாள்மனையில் வைத்துத் துண்டு துண்டாக அறுத்து, முட்டையும் மாவும் கரைத்து முக்கி, அவரே எண்ணெயில் பொரித்தார். கையெல்லாம் மாவோடு என் எதிரே நின்று, நான் வாயில் போட்டு மெல்லுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. திகட்டுகிற இனிப்பு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியாது. ஒரு வருஷம் கழித்துப் பார்க்கிற புருஷன். அவர் முகமே எனக்கு அப்போது பாதிதான் பழகியிருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லாருக்கு" என்றேன்.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் இரண்டு கேக் வந்தது. இருக்கிற ஒரு மாதத்தில் அவர் பொரித்துத் தருவதைத் தின்பேன். அவர் விமானம் ஏறியதும் மிச்சத்தைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து யாருக்காவது கொடுப்பேன். வாங்க ஆள் இல்லாவிட்டால் குப்பையில் போடுவேன். ஒரு வருஷம் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கழனித் தண்ணீரில் போட்டேன். மாடு தண்ணீரைக் குடித்துவிட்டு அதை அடியிலேயே விட்டுவிட்டது.

போன வருஷம் அவர் ஊருக்கு வர பன்னிரண்டு நாள் இருக்கும்போது இறந்துபோனார். வேலை முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று சொன்னார்கள். நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வருகைப் பதிவேடுகளை வகுப்பு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த சோழவந்தான் தம்பிதான் பேசினார். "மதினி, பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டார். ஒரு டீச்சர் இருந்தார். போனை அவரிடம் கொடுத்துவிட்டேன். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எட்டாம் வகுப்பு பி பிரிவுப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைத்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் மதுரை விமான நிலையத்துக்கு அவர் உடல் இருந்த பெட்டி வந்தது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன். வீட்டில் முகத்தைத் திறந்து காட்டினார்கள். மீசையை யாரோ தப்பாகக் கத்தரித்திருந்தார்கள். என் கண்ணில் பட்டது அது ஒன்றுதான். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என் தோள் நனைந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை.

"அழுதுரு தாயி, அடக்கி வைக்காத" என்று என் மாமியார் முதுகைத் தடவினார். பெற்ற மகனைப் பறிகொடுத்தவர் அவர். அவருக்காகவாவது அழலாம் என்று பார்த்தேன். முகத்தைச் சுளித்தும் பார்த்தேன். இரண்டொருவர் என் காது கேட்கவே, "கல்லு மாதிரி உக்காந்திருக்கா" என்றார்கள். அதற்கும் எனக்குக் கோபம் வரவில்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் ஒன்று உண்டு. பதினெட்டு வருஷக் குடும்பத்தில் அவரோடு ஒரே கூரைக்குள் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் இரண்டு வருஷம் வராது. அவர் இல்லாத வீடுதான் எனக்குத் தெரிந்த வீடு. காலையில் தண்ணீர் பிடிப்பது, மகளைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அனுப்புவது, பஸ் பிடிப்பது எல்லாம் அப்படியே இருந்தன. சாயங்காலம் வீடியோ கால் வராது, அது ஒன்றுதான் வித்தியாசம். அதற்கு எப்படி அழுவது என்று தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் சோழவந்தான் தம்பி வந்தார். புத்தாண்டு விடுப்பில் ஊருக்கு வந்தவர் என் கணவருடைய சாமான்களைக் கொண்டுவந்திருந்தார். ஒரு போர்வை, மூக்குக்கண்ணாடி, சின்ன ரைஸ் குக்கர், நாலு சட்டை. கடைசியாகப் பையின் அடியிலிருந்து வாழையிலை சுற்றிய இரண்டு கேக்கை எடுத்துத் தரையில் வைத்தார்.

"சீனக்கா குடுத்துவிட்டுச்சு மதினி."

மேலே சிவப்புத் தாள் இல்லை. பசை இருந்த இடம் மட்டும் தெரிந்தது.

"அந்தத் தாளு செவப்பா இருக்கும்ல, அதான் கிழிச்சு எடுத்துருச்சு. கேத வீட்டுக்குச் செவப்பு ஆகாதாம். அவுக வழக்கத்துல எழவு விழுந்த வீட்டுல அந்த வருசம் இதைச் செய்ய மாட்டாங்களாம். மத்தவுகதான் செஞ்சு குடுக்கணுமாம்."

மாமியார் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நம்மளை மாதிரித்தான்" என்றார். எங்கள் வீட்டிலும் கருமாதி முடிகிறவரை எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது. சோறும் குழம்பும் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து தூக்குவாளியில் வந்துகொண்டிருந்தன.

"இம்புட்டுத் தூரம் இதையும் தூக்கிட்டு வந்தீகளா?" என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்றுதான் சொன்னேன்.

"தூக்காம? அண்ணே இருந்தா விட்டுட்டு வருமா? ஒரு வருசம் ஏர்போர்ட்ல பெட்டி வெயிட்டு கூடிப்போச்சு, எதையாச்சும் எடுங்கன்னுட்டான். புதுச் சட்டை ரெண்டு, பெட்சீட்டு, அம்புட்டையும் எடுத்து என் கையில குடுத்துருச்சு. இதை எடுக்கல. 'ஏன்ண்ணே, இந்தக் கல்லையா சொமந்துக்கிட்டுப் போற'ன்னேன். 'எம் பொண்டாட்டிக்கு இதுன்னா உசுருடா'ன்னுச்சு."

நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

"சீனக்காகிட்டயும் அதையேதான் சொல்லும். அந்தம்மா மொதல்ல எல்லாருக்கும் ஒண்ணு குடுக்கும். அண்ணே கேட்டுக் கேட்டு ரெண்டா வாங்கும்."

"அவுகளுக்கும் பிடிக்கும்ல?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்கா?" தம்பி லேசாகச் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார். "வாயில வைக்காது மதினி. பல்லுல ஒட்டுது, பசை மாதிரி இருக்குனு ஓடிரும்."

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். அத்தனை வருஷத்தில் அவர் தின்று நான் பார்க்கவில்லை. பொரிப்பார், தட்டில் வைப்பார், எதிரே உட்காருவார். எனக்குக் குறைந்துவிடக் கூடாது என்று விட்டுக்கொடுக்கிறார் என நினைத்திருந்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று நான் தின்றேன். எனக்குப் பிடிக்கும் என்று அவர் சுமந்தார்.

தம்பியிடம் அதைச் சொல்லவில்லை. கேக்கை எடுத்துப் பிரிட்ஜில், ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்தேன். நெஞ்சில் ஏதாவது உடையும் என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிரிட்ஜ் கதவு திறந்தே இருந்ததால் கால் குளிர்ந்தது. மூடிவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, வடை சுட்டு, வந்தவர்கள் எல்லாரும் அவரவர் தூக்குவாளியோடு கிளம்பினார்கள். மறுநாள் மதியம் வீட்டில் நாங்கள் மூன்று பேர் மட்டும். என் மகள் பிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இதைப் பொரிக்கவா? வச்சா பூசணம் பிடிச்சிரும்" என்றாள். நான் தலையசைத்தேன்.

அவளே அறுத்தாள், அவளே மாவு கரைத்தாள். அப்பா செய்வதைப் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தாள் போலிருக்கிறது. முட்டையை உடைத்து ஊற்றும்போது கையைத் தூக்கிப் பிடித்த விதம்கூட அவர் மாதிரியே இருந்தது. முதல் ஈடு கொஞ்சம் கருகியது. இரண்டாவது நன்றாக வந்தது. ஒரு தட்டு நிறைய என் முன்னால் வைத்துவிட்டு, தனக்கு ஒரே ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். மாமியார் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்து, "என்னத்தா இது, வேலம்பிசின் மாதிரி" என்று எடுத்து ஓரத்தில் வைத்தார்.

"நீயும் தின்னு" என்றேன் மகளிடம்.

"இது உங்களுக்குத்தாம்மா. எனக்கு ஒரு துண்டுதான்."

"ஏன்?"

"அப்பா ஒண்ணுக்கு மேல குடுக்க மாட்டாரு. அம்மாவுக்கு வேணும், வருசத்துல ஒரு தடவதான் அவளுக்குக் கிடைக்குதுன்னு சொல்லுவாரு."

கையில் எடுத்த துண்டைத் தட்டிலேயே வைத்தேன். "எனக்கு இது பிடிக்காதுடி" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. "இன்னைக்கா?"

"என்னைக்குமே பிடிக்காது."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மிச்சமெல்லாம்?"

"குப்பையில போடுவேன்."

அவள் முகம் சிவந்துவிட்டது. அப்பா போன அன்றிலிருந்து அழுது அழுது ஓய்ந்திருந்தவள். இப்போது அழவில்லை, கத்தினாள். "எனக்குப் பிடிக்கும்மா! எனக்கு எம்புட்டுப் பிடிக்கும் தெரியுமா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தின்னுருப்பேன்ல. அப்பாவும் அடுத்த தடவையிலருந்து எனக்குன்னு கொண்டு வந்துருப்பாரு. ரெண்டு பேரும் என்னதாம்மா பேசிக்கிட்டீங்க போன்ல, தெனம்?"

சாப்பிட்டாயா, மழை பெய்ததா, அம்மா மாத்திரை போட்டார்களா, பிள்ளை படிக்கிறாளா. அதுதான் பேசினோம். அதை அவளிடம் சொல்லவில்லை. மாமியார்தான், "விடு ஆத்தா, அவளை விடு" என்று அவளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். நான் தட்டை மகள் பக்கம் நகர்த்தினேன். கோபத்தோடு உட்கார்ந்திருந்தவள் கொஞ்சம் கழித்து ஒவ்வொன்றாக எடுத்துத் தின்னத் தொடங்கினாள். அத்தனையும் தின்றாள். வாய் ஒட்டிக்கொண்டு சரியாக மெல்ல முடியாமல் தின்றாள். இரண்டாவது கேக்கை மறுநாள் பள்ளி விட்டு வந்து பொரித்துக்கொண்டாள்.

தம்பி சிங்கப்பூர் திரும்பிப் போன பிறகு ஒரு நாள் மதிய இடைவேளையில் வீடியோ காலில் கூப்பிட்டார். பள்ளி அலுவலகத்துக்கு வெளியே வராந்தாவில் நின்று எடுத்தேன். "சீனக்கா உங்களைப் பார்க்கணுங்குது மதினி" என்று போனைத் திருப்பினார். எனக்கு அதுவரை அவர் முகம் தெரியாது. குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் ஒரு துண்டு, பின்னால் கண்ணாடித் தம்ளர்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏதோ பேசினார். போனைத் திருப்பி, சுவரோரம் ஒரு மேசையைக் காட்டினார்.

"அண்ணே உக்கார்ற எடம்" என்றார் தம்பி.

அந்த மேசையில் வேறு யாரோ உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் அழுது முடிக்கும்வரை நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலித்தது. என் புருஷனுக்காக ஒரு வெளியூர்க்காரி இப்படி அழுகிறாளே என்று தோன்றியது. நல்லது, யாராவது அழட்டும் என்றும் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"கேக்கு சாப்ட்டீங்களான்னு கேக்குது. அடுத்த வருசமும் குடுத்துவிடவா, இல்ல உங்களுக்கு மனசுக் கஷ்டமா இருக்குமான்னு கேக்குது."

"எம் மக சாப்பிட்டா. அவளுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவளுக்குன்னு சொல்லி அனுப்பச் சொல்லுங்க தம்பி" என்றேன்.

தம்பி மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் மகள் எவ்வளவு உயரம் என்று கையால் கேட்டார். நான் என் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் காட்டினேன். தலையை ஆட்டிச் சிரித்தார். மணி அடித்தது. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக வரத் தொடங்கினார்கள். போனை வைத்துவிட்டு உள்ளே போய், மதிய வருகைக்கான பதிவேடுகளை எடுத்துக் கொடுத்தேன்.