இறங்காத விலை

காலையில் பேப்பர் கைக்கு வந்ததும் பக்கீர் முகமது முதலில் பக்கங்களை எண்ணுவார். நடுவில் ஒரு தாளை நான் உருவிக்கொண்டிருப்பேன் என்று அவருக்கு எண்ணம். கள்ளக்குறிச்சியில் பதினெட்டு வருஷம் பேப்பர் ஏஜென்ட்டாக இருந்தேன். என்னை அப்படிச் சோதித்தவர் அவர் ஒருவர்தான். எரிச்சலாக வரும். ஆனால் ஷேர் விலைப் பக்கத்துக்காக இங்கிலீஷ் பேப்பர் வாங்கியவரும் ஊரில் அவர் ஒருவர்தான் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

என் கடைக்கு எதிரே, கச்சிராயபாளையம் சாலையில் அவருக்குச் சாக்குக் கடை. ஒவ்வொரு சாக்கையும் வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை பார்த்த பிறகுதான் வாங்குவார். வட்டி வாங்குவது மார்க்கத்தில் கூடாது என்று, மிச்சம் பிடித்த பணத்தை பாங்கில் போடாமல் ஷேரில் போட்டார். அதையும் நம்பிப் போடவில்லை. கம்பெனிக்காரர்கள் அச்சடித்து அனுப்பும் அறிக்கையைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

"பொண்ணு குடுக்கறவன் பொண்ணப் பத்தி இன்னா சொல்லுவான்? விலை நடக்கற நடையப் பாக்கணும் கண்ணாயிரம்" என்பார்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஷேருக்கும் கடைசி இருபது நாள் விலையை எழுதி வைப்பார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வார். நெல் ஏலத்தில் இரண்டு வியாபாரிகள் ஒரே குவியலைத் தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றிக் கேட்டு விலையை ஏற்றுவதை அவர் பார்த்திருக்கிறார். அதனால் நல்ல விலை என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது இறங்க வேண்டும் அவருக்கு. இறங்காமல் ஏறினால், அடியில் எவனோ கைகொடுத்துத் தூக்குகிறான் என்று அர்த்தம்.

சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஸ்டார்ச் கம்பெனி இருந்தது. கல்வராயன் மலையிலிருந்து லாரியில் இறங்கும் மரவள்ளிக்கிழங்கை அரைத்து மாவெடுப்பார்கள். பாயிடம்தான் சாக்கு வாங்குவார்கள். அந்தக் கம்பெனியில் அவருக்கு இருநூறு ஷேர் இருந்தது. நைனார்பாளையத்து தெய்வசிகாமணி அதே கம்பெனிக்குக் கிழங்கு போடும் விவசாயி, பாய்க்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதர். கிணறு வற்றிப்போய், போர் போடுவதற்காக அரை ஏக்கரை விற்ற பணத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, எனக்குப் பேப்பரும் இல்லை. வழி திறந்ததும் ஒரு வாரத்துக் கட்டும் மொத்தமாக வந்து விழுந்தது. பழைய பேப்பரை யார் வாங்குவார்கள்? பாய் அத்தனைக்கும் காசு கொடுத்தார். அத்தனையிலும் பக்கங்களை எண்ணினார்.

மதியம் என்னைக் கூப்பிட்டார். ஸ்டார்ச் கம்பெனி விலை எழுதிய தாளில் அவர் விரல் நின்றது.

"இந்த வாரம் மலையிலேர்ந்து கிழங்கு இறங்குச்சா?"

"பஸ்ஸே வரல, கிழங்கு எங்க வரும் பாய்?"

"மில்லு பூட்டிக் கெடந்துச்சு. மூணு மாசமா எங்கிட்ட ஒரு சாக்கு வாங்கல. இங்க பாரு, ஒரு நாள்கூட இறங்காம ஏறிக்கினே இருக்குது."

பதினெட்டு ரூபாய் ஷேர் முப்பத்தொன்றில் நின்றது. அன்றைக்கே விற்றுவிடச் சொல்லி சேலத்து ஷேர் ஏஜென்ட் தங்கமணிக்கு எழுதிப்போட்டார்.

நாலாம் நாள் தங்கமணியே வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்கு உள்ளூர்லயே ஆள் புடிச்சிட்டேன் பாய்" என்று ஷேரைப் பெயர் மாற்றும் படிவத்தை நீட்டினான். வாங்குபவர் பெயர் இருந்த இடத்தில் தெய்வசிகாமணி என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயரைப் பார்த்ததும் பாய் பேனாவை மூடினார். "அழுவின கிழங்குன்னு தெரிஞ்சப்புறம் எவன் தலையிலயும் கட்டமாட்டேன். எடுத்துக்கினு போ." படிவத்தை நாலாகக் கிழித்துத் தெருவில் போட்டார். எனக்கு அப்போது அவர்மேல் மரியாதை வந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் தெய்வசிகாமணியே கடைக்கு வந்துவிட்டார்.

"இன்னா பாய், எனக்கு விக்கமாட்டேன்னீங்களாமே?"

"வாங்காதீங்க சிகாமணி. நைனார்பாளையத்துல ரோட்ட மறிச்சது யாரு?"

"நாங்கதான்."

"ஒரு லாரியாவது வுட்டீங்களா?"

"ஒண்ணுகூட வுடல."

"அப்புறம் அந்த வாரத்துல எப்படிங்க விலை ஏறும்? போர் போடற பணம், அதத் தொடாதீங்க."

தெய்வசிகாமணி தலையை ஆட்டினார். ஆனால் அவர் கண் பாயின் முகத்தில் இல்லை. பாய்க்குப் பின்னாலிருந்த இரும்புப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஷேர் பத்திரங்கள் அதற்குள்தான் இருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை. பாய்க்கு? உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர் அந்தப் பார்வையை மட்டும் கவனிக்கவில்லை.

தீபாவளி வரைக்கும் விலை ஏறியது. பிறகு ஒரு நாள் விழுந்தது, மறுநாளும் விழுந்தது, பொங்கலுக்கு முன்பு நாலு ரூபாய்க்குக்கூடக் கேட்பாரில்லை. தங்கமணி சேலத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டான். பாயின் இருநூறு ஷேரும் பெட்டியிலேயே கிடந்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. சிநேகிதனைக் காப்பாற்றிவிட்டோம் என்று இரண்டு மூன்று தடவை என்னிடமே சொல்லிக்கொண்டார்.

தை மாதம் தெய்வசிகாமணி வந்து சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார். பாயிடம் பேசிவிட்டுப் போன அன்றைக்கே தங்கமணி வேறு யாரிடமிருந்தோ அதே ஷேரை வாங்கிக் கொடுத்துவிட்டானாம். போர் பணம் முழுவதும் போய்விட்டது.

பாய் எழுந்து நின்றார். "வாங்காதீங்கன்னு இந்த எடத்துல நின்னுதானே சொன்னேன்?"

"சொன்னீங்க" என்றார் தெய்வசிகாமணி. "ஆனா வித்தீங்களா? ஒரு சாக்க ஒம்பது தடவ தூக்கிப் பாக்கற ஆளு நீங்க. நீங்களே கையவுட்டு வுடலன்னா அது தங்கம்னு நெனச்சேன். உங்களப் பாத்துதான் பாய் வாங்கினேன்."

மறுநாள் காலை நான் பேப்பரை நீட்டியபோது பாய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பக்கங்களை எண்ணவில்லை.