கன்னியம்மாக்கா நின்ற வெள்ளைக்காரப் படம்

கல்பாக்கத்தில் அணு உலை கட்டப் பள்ளம் தோண்டியபோது, எங்கள் குப்பத்தில் பாதிப் பேர் வலையை வைத்துவிட்டு அங்கே மண் சுமக்கப் போனார்கள். அந்த வருஷம்தான் மாமல்லபுரத்துக் கரையில் வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். அதில் எங்களோடு நின்ற கன்னியம்மாக்கா போன மாதம் போய்விட்டாள். மீன் ஏலத்தில் இருந்தபோது அவள் மகள் செல்வி போன் செய்தாள். "மாமா, அம்மா பூட்ச்சு" என்று அழுதவள், சட்டென்று, "அந்தப் படம் எங்கனா கீதா மாமா?" என்றாள். அக்காவை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும்.

படத்தில் நிற்க மீனவர்கள் சிலர் வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். படம் பிடிக்கிறார்கள் என்றால் சும்மா போவோமா? அக்கா கல்யாணப் பட்டைக் கட்டி, பவுடர் பூசி வந்தாள். அவள் புருஷன் மாரி இரவல் சட்டையில் வந்தார். நானும் என் கூட்டாளி வேலுவும் தலைக்கு எண்ணெய் வழிய வைத்திருந்தோம். டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் கோவணத்தில் நிற்க வேண்டுமாம். அக்கா ரவிக்கையைக் கழற்ற வேண்டுமாம். மொழி பெயர்த்தவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அவன்கிட்ட சொல்லு நைனா. நான் மீன் விக்கிறவ. ரவிக்கையோடதான் விப்பேன்."

கடைசியில் நாங்கள் கோவணத்தில் நின்றோம்; அக்காவைப் பழைய சேலை, ரவிக்கையோடு ஓரமாக நிற்க விட்டார்கள்.

நடிகை துணியில்லாமல் கடலிலிருந்து வரவேண்டும். நாங்கள் அசையாமல் பார்க்கவேண்டும். மார்கழிக் காற்று. அந்தப் பெண்ணுக்குப் பல் கிடுகிடுத்தது. காமிரா ஓடும்போதே அக்கா மாரியின் தோள்துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். "இன்னாடி இது, உன்ன இப்டி வெறைக்க வுட்டுட்டு நிக்கிறானுங்க!" என்று போர்த்தினாள். டைரக்டர் கத்தினார். நடிகை துண்டை விடவேயில்லை.

அது ஒரு மாதிரிப் படம் என்று பிறகுதான் ஊரில் பேச்சு வந்தது. யாரும் பார்த்ததில்லை. செல்விக்கு மாப்பிள்ளை தேடியபோதும், சமீபத்தில் பேத்திக்குத் தேடியபோதும் அக்காவுக்கு அதே பயம். "டேய் ஏழுமல, என் மூஞ்சிக்கு வேற ஒடம்ப ஒட்டிகீறானுங்களோ?" என்பாள். "அதெல்லாம் இல்லக்கா" என்பேன். பார்க்காதவன் சொல்லுக்கு என்ன மதிப்பு? யாராவது போனைக் குனிந்து பார்த்துச் சிரித்தாலே அவள் முகம் செத்துவிடும்.

அக்காவின் காரியம் முடிந்ததும் பேத்தி போனில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்தாள். செல்வி கதவைச் சாத்தினாள். நாங்களும் போனைக் குனிந்து பார்த்தோம்.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் காதல், கோபம், அழுகை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. பாறையோடு பாறையாகக் கறுத்த உடம்புகள். அக்கா ரவிக்கையோடு ஒரு மூச்சு நேரம் நிற்கிறாள். பிறகு ஓரத்திலிருந்து துண்டோடு ஒரு கை நீள்கிறது. அங்கே வெட்டிவிட்டார்கள்.

"அவ்ளோதானா? இதுக்கா எங்கம்மா செத்து செத்துப் பொழச்சுது?" என்று செல்வி உடைந்து அழுதாள்.

முடிவில் ஓடிய பெயர்களைப் பேத்தி படித்தாள். சமையல்காரர் பெயர்கூட இருந்தது. எங்கள் பெயர் இல்லை. அப்போதுதான் எனக்கு வேறு பயம் பிடித்தது. யார் யாரோ பார்க்கிறார்கள். அந்தக் கை யாருடையது என்று சொல்ல நாளைக்கு யார் இருப்பார்கள்? அக்காவிடமிருந்து என்னிடம் மிச்சம் அந்தக் கைதான். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதட்டும். துண்டு கொண்டு ஓடியவள் கன்னியம்மா. பக்கத்தில் நின்றவர் மாரி. அவருக்குப் பின்னால் வேலு. மூவரும் இப்போது உயிரோடு இல்லை. இடது கோடியில் நிற்பவன் மட்டும் இருக்கிறான். அவன் பெயர் ஏழுமலை.