வாசலில் சும்மா நிற்கும் வண்டி

எனக்குப் பேச்சு அதிகம் வராது. யாராவது எதையாவது கேட்டால் இல்லை என்று சொல்வது அதைவிடக் கஷ்டம். வண்டி விஷயத்தில் மட்டும் என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. "வண்டி வேலைக்குப் போகுது." அவ்வளவுதான். கேட்டவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது செல்லாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி என் மனைவியுடையது.

நான் டைல்ஸ் போடுகிற மேஸ்திரி. வீடு ஜோகுபாளையத்தில். வேலை முழுக்க வைட்ஃபீல்டு பக்கம். வருஷக்கணக்கில் முட்டி போட்டு வேலை செய்ததில் முட்டி போய்விட்டது. பைக்கில் போக முடியவில்லை. அதனால் வேலைக்கும் காரில்தான் போனேன். டைல்ஸ் வெட்டுகிற மெஷின், ரசமட்டம், பக்கெட் எல்லாம் பின்னால் கிடக்கும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கள் எழுந்து சல்யூட் வைப்பார்கள். நான் பக்கெட்டோடு இறங்கியதும் உட்கார்ந்துவிடுவார்கள்.

கார் என்றால் ஏழு பேர் உட்காருகிற டீசல் வண்டி. செகண்ட் ஹேண்ட். மகள் கல்யாணத்துக்குக் கிருஷ்ணகிரிக்கு வாடகை வேனில் போனோம். சம்பந்தியம்மா அதைப் பார்த்துவிட்டு, "வேன்ல வந்தீங்களா" என்று கேட்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவிக்கு அது போதுமாக இருந்தது. கல்யாணம் முடிந்த பிறகு கார் வாங்கினோம்.

அதன் கிளட்ச் இரண்டாவது தடவை போனபோதுதான் இந்தக் கதை ஆரம்பித்தது. அல்சூரில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டார்.

"இன்னாண்ணா, இத்த எங்க ஓட்றீங்கோ?"

"வைட்ஃபீல்டு."

"ஓட்றீங்களா, நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன்."

"இது ஹைவே வண்டிண்ணா. குதிரைய இட்டாந்து சிக்னல்ல கட்டிப் போட்டா அதுக்குப் பேஜாரா இருக்காதா? இப்டியே போனா அடுத்து இன்ஜின் வேலைதான்."

வீட்டில் வந்து சொன்னேன். மனைவி பதறவில்லை. அவளுக்குத் தேதி கணக்குதான் முக்கியம். மகள் முழுகாமல் இருந்தாள். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் வளைகாப்பு. அது முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே கூட்டி வர வேண்டும்.

"எம் பொண்ணு அந்த வாசல்லருந்து நம்ம பெரிய வண்டில காலை நீட்டி உக்காந்துகினு வரணும்" என்றாள். "வாடகை வண்டின்னு ஒரு பேச்சு வரக்கூடாது. அது வரைக்கும் இந்த வண்டிக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுங்க."

"அப்ப வேலைக்கு?"

அதற்குப் பதில் அவள் தம்பியிடம் இருந்தது. மச்சான் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். வீட்டிலேயே உட்கார்ந்து வேலை. அவனுடைய சின்னச் சிவப்புக் கார் நின்றபடியே பழசாகிக்கொண்டிருந்தது. அவன் பெண்டாட்டிக்குப் பெரிய கார் வேண்டும். அதனால் சின்னதை என்னிடம் தள்ளப் பார்த்தான்.

"ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க மாமா. புடிச்சா பணம் குடுங்க. புடிக்கலன்னா சாவியக் குடுங்க."

அவன் செல்போனில் கணக்குப் போட்டுக் காட்டினான். தினமும் சின்ன வண்டியில் போனால் எண்ணெய்க் காசு எவ்வளவு மிச்சம், கிளட்ச் எவ்வளவு மிச்சம், எத்தனை மாதத்தில் வண்டி விலை திரும்பி வரும், எல்லாம் வந்தது. கணக்கில் நான் லாபத்தில் இருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தால் இன்னொரு கார்கூட வாங்கலாம் போலிருந்தது.

"ரெண்டுக்கும் இன்சூரன்ஸ் கட்டணுமே" என்றேன்.

"அது சின்ன அமௌண்ட் மாமா."

"நிறுத்த எடம்?"

"ஒட்டி ஒட்டி நிறுத்துங்க மாமா."

எங்கள் தொழிலில் பத்துப் பெட்டி டைல்ஸ் வேண்டிய இடத்துக்குப் பதினொரு பெட்டி வாங்கச் சொல்வேன். ஓரம் வெட்டும்போது உடையும். மூலையில் வீணாகும். அதற்குப் பேர் வேஸ்டேஜ். வீட்டுக்காரர் முறைப்பார். பிறகு வாங்குவார். மச்சானின் கணக்கில் வேஸ்டேஜ் இல்லை. எனக்கும் அன்றைக்கு அது தோன்றவில்லை.

முதல் வாரம் சுகமாகத்தான் போனது. சின்ன வண்டி சந்தில் நுழைந்தது. பெட்ரோல் கொஞ்சமாகக் குடித்தது. ஏசி வேலை செய்தது. வாட்ச்மேன்கள் எழுந்திருக்கவில்லை, அதனால் உட்காரவும் இல்லை. பெரிய வண்டி வாசலில் உறை போட்டுக்கொண்டு தூங்கியது. மனைவி தினமும் காலையில் அதைச் சுற்றிக் கோலம் போட்டாள்.

இரண்டாவது வாரம் மாடியிலிருந்து வீட்டு ஓனரம்மா இறங்கி வந்தார். கன்னடக்காரர். எங்களோடு பேசிப் பேசித் தமிழ் நன்றாக வரும்.

"அண்ணா, மகன் ஏர்போர்ட்ல வந்து இறங்குறான். லக்கேஜ் ஜாஸ்தி. பெரிய வண்டி கொடுங்கண்ணா."

"வண்டி வேலைக்குப் போகுதும்மா."

அவர் வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வண்டி அங்கேயே இருந்தது.

"வேலைக்குச் சிவப்பு வண்டி போகுதே அண்ணா. இது சும்னே நிக்குதே."

எனக்கு அடுத்த வாக்கியம் தெரியவில்லை. சாவியைக் கொடுத்தேன்.

அது எப்படியோ தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு கார் இருந்தால் அது உன் கார். இரண்டு இருந்தால் ஒன்று ஊர்க் கார். மனைவியின் அக்கா நிச்சயதார்த்தத்துக்குக் கேட்டாள். அம்மன் கோயில்காரர்கள் கூழ் அண்டா எடுத்துவர வேண்டும் என்றார்கள். அண்டா இறங்கியது, கூழ் கொஞ்சம் இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஓசூரில் பெண் பார்க்கப் போனார். பெண் பிடிக்கவில்லை என்று மறுவாரம் இன்னொரு பெண்ணைப் பார்க்க மறுபடியும் கேட்டார். எல்லோரும் ஒரே மாதிரிதான் கேட்டார்கள். "சும்மாதானே நிக்குது."

டீசல் போட்டுத் தருவதாக எல்லோரும் சொன்னார்கள். சிலர் போட்டார்கள். முள் அசைகிற அளவுக்குப் போட்டார்கள்.

"நீங்க ஏன் குடுக்குறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"உங்க அக்காதான்."

"அக்காவுக்கு சரி. எதுத்த வீட்டுக்கு?"

"உங்க அக்காவுக்குக் குடுத்துட்டு அவருக்கு இன்னா சொல்றது?"

அவள் யோசித்தாள். "எனக்கு ஒரு வார்த்தை வரமாட்டேங்குதே" என்று உள்ளே போனாள். இருபத்தைந்து வருஷத்தில் அவளுக்கு வார்த்தை வராமல் நான் பார்த்தது அன்றுதான்.

ஓடாமல் பாதுகாக்க வேண்டிய வண்டி, நான் ஓட்டியதைவிட அதிகம் ஓடியது. வேலைக்குப் போனபோதாவது ஞாயிறு பாதி ஓய்வு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. பாய் பார்த்துவிட்டு, "கிளட்ச் தேயுது, பெடல் மேல வருதுண்ணா, ஜாக்கிரதை" என்றார்.

வளைகாப்புக்கு முன்தினம் மச்சான் வந்தான். என் மகளுக்கு அவன்தான் தாய்மாமன். சீர் எடுத்துவர வேண்டியவன்.

"மாமா, பெரிய வண்டிய நான் எடுத்துக்குறேன். மாமியார் வீட்டுக்காரங்களைத் திருவண்ணாமலைல விட்டுட்டு, காலையில நேரா கிருஷ்ணகிரிக்கு வந்துடறேன். வரும்போது பாப்பா அதுலயே வந்துடலாம். நீங்க சிவப்புல வந்துருங்க."

"உன் புது வண்டி?"

"அடுத்த மாசம் தர்றேன்றாங்க மாமா. அதான் வண்டியே இல்லாம இருக்கேன்."

வண்டி இருந்தது. அது என்னிடம் இருந்தது. என் வண்டியைக் காப்பாற்றத் தன் வண்டியைக் கொடுத்தவன், தனக்கு வண்டி இல்லை என்று என் வண்டியைக் கேட்டான். நான் மனைவியைப் பார்த்தேன். "தாய்மாமனுக்கு இல்லாத வண்டியா" என்றாள்.

மறுநாள் கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தோம். மாமன் வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. பிறகு போன் வந்தது.

"மாமா, ஊத்தங்கரைகிட்ட நிக்குது. கியர் விழல. ஒரே கருகின வாசனை."

கடைசியில் அவன் பஸ்ஸில் வந்தான். தலையில் சீர்த்தட்டு, கழுத்தில் பெண்ணுக்குப் போட வேண்டிய மாலை. கையில் பிடித்தால் நசுங்கும் என்று கழுத்தில் போட்டுக்கொண்டானாம். பஸ்ஸில் எல்லோரும் அவனுக்குக் கல்யாணம் என்று நினைத்து உட்கார இடம் கொடுத்தார்களாம்.

வளையல் போட்டார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள். பிறகு வழியனுப்ப வாசலுக்கு வந்தார்கள். வாசலில் சின்னச் சிவப்புக் கார் நின்றது. அதன் பக்கத்தில் வயிற்றோடு என் மகள். அவள் பெட்டிகள். கட்டுச்சாத அடுக்குகள். மாப்பிள்ளை டிக்கியைத் திறந்தார். டைல்ஸ் வெட்டுகிற மெஷின் படுத்திருந்தது. இறக்கி வைக்க மறந்துவிட்டேன்.

"டாக்சி சொல்லட்டா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"வேணாம்" என்றாள் என் மனைவி. ரொம்ப வேகமாகச் சொன்னாள்.

சம்பந்தியம்மா காரை முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் பார்த்தார். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஏங்க சம்பந்தி, பெரிய வண்டி வாங்கியிருக்கீங்கன்னு சொன்னாங்களே. அது எங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். மச்சான் மாலையைப் பார்த்தான். பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதைச் சொன்னேன்.

"வண்டி வேலைக்குப் போயிருக்கு."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஆமா."

மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வளையல் எல்லாம் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மகளை முன் சீட்டில், சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி உட்கார வைத்தேன். அதனால் மனைவிக்குப் பின்னால் பாதி இடம்தான். மடியில் புளிசாதம், காலடியில் தயிர்சாதம், தலைக்குப் பக்கத்தில் பெட்டி. மச்சான் ஊத்தங்கரைக்குத் திரும்பிப் போனான். நான் மெதுவாக ஓட்டினேன். லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. ஓசூர் வரைக்கும் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. புளிசாதம் சிந்தியது, அதற்கும் பேசவில்லை.

அத்திப்பள்ளி தாண்டி மகள் கண் விழித்தாள்.

"ஏம்பா, இந்த வண்டி நல்லாருக்கே. தூக்கிப் போடவேயில்ல. அந்தப் பெருசுல வந்தா எனக்கு இடுப்பு போயிரும்."

"சும்மா சொல்லாதடி" என்றாள் மனைவி.

"சத்தியமாம்மா. இங்க ஏசியும் வருது. அதுல ஏசி எங்க, ஜன்னல் கண்ணாடியே பாதிதான் எறங்கும்."

சில்க் போர்டு சிக்னலில் ரொம்ப நேரம் நின்றோம். நின்றது சின்ன வண்டிக்கு வலிக்கவில்லை. பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க."

"ம்."

"அவனுக்குப் பெருசுதானே வேணும்?"

"ம்."

"நமக்கு இது போதும்."

அப்படித்தான் முடிவானது. கணக்கெல்லாம் போடவில்லை. மச்சான் புது வண்டிக்குக் கட்டிய அட்வான்ஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு பெரிய வண்டியை எடுத்துக்கொண்டான். சின்னது எங்களுக்கு. விலையில் இருந்த வித்தியாசத்தில் ஊத்தங்கரை மெக்கானிக்குக்குப் பாதி போனது, மீதியில் மகளுக்கு ஒரு கட்டில் வாங்கினோம். இரண்டாவது வண்டி வாங்கினால் காசு மிச்சமா என்று இப்போதும் சைட்டில் யாராவது கேட்கிறார்கள். மிச்சம்தான், முதல் வண்டி இல்லாவிட்டால், என்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து எதிர்வீட்டுக்காரர் வந்தார். மூன்றாவது பெண்.

"வண்டி வேலைக்குப் போகுது" என்றேன்.

அவர் வாசலைப் பார்த்தார். ஒரு வண்டிதான் நின்றது. டிக்கியில் மெஷினை ஏற்றிக்கொண்டிருந்தேன். டீ குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு டீ எனக்கும் நன்றாக இருந்தது.

பத்து நாள் இருக்கும். பாத்ரூம் ஒன்றில் முட்டி போட்டு மூலை வெட்டிக்கொண்டிருந்தேன். மச்சான் போன் செய்தான்.

"மாமா, எல்லாரும் வண்டி கேக்குறாங்க மாமா. பெரியக்கா கேக்குறா, மாமியார் கேக்குறாங்க, ஓனரம்மா கேக்குறாங்க. ஓனரம்மாவுக்கு என் நம்பர் யார் மாமா குடுத்தது?"

நான் மெஷினை ஒரு தடவை ஓட்டி நிறுத்தினேன்.

"நீங்க இன்னா சொல்லி அனுப்புவீங்க மாமா?"

"வண்டி வேலைக்குப் போகுதுன்னு சொல்லு."



"மாமா, எனக்கு வீட்லயே வேலை மாமா."

அது உண்மைதான். எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வாக்கியம்தான். "சிமெண்ட் காயுது" என்று போனை வைத்தேன்.