தேய்ந்த மேலம்பு

ஆபீசில் எனக்கு மூத்தவரான அண்ணன் விட்டுப்போன கீபோர்டு இன்றும் என் மேசையில்தான் இருக்கிறது. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, மேல்நோக்கிய அம்புக்குறி போட்ட மேலம்புக் கட்டை மட்டும் தேய்ந்து வழவழவென்று கிடக்கும்.

சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் ஆர்டரை இணையத்தில் பிடித்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. இருப்பது விருதுநகரில், சர்வர்கள் எங்கோ கிளவுடில். தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் முதலில் படித்தவன் நான். என்னை இங்கே சேர்த்துவிட்டவர் அந்த அண்ணன். கண்டெய்னர் என்று கல்லூரியில் விளங்காததை ஒரே மூச்சில் சொன்னார். "ஆர்டர் வாங்குற புரோகிராமையும் அதுக்கு வேண்டிய சாமானையும் ஒரே பெட்டியில அடைச்சிருக்குலே. கூட்டம் கூடுனா அதே மாதிரி பெட்டியக் கூட்டு, குறைஞ்சா குறை. அம்புட்டுதான்." கூட்டுவதும் குறைப்பதும் அவர் வேலை. கறுப்புத் திரையில் மேலம்பை அமுக்கினால் கடைசியாக அடித்த கட்டளை திரும்பி வரும். எத்தனை பெட்டி என்ற எண்ணை மட்டும் மாற்றி என்டரைத் தட்டுவார். சீசனில் நாள் முழுக்க அதேதான். மதினி கட்டிக் கொடுத்த சோறு அப்படியே வீடு திரும்பும்.

அவர் ஒருநாளாவது நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்றுதான், பெட்டிகள் கூட்டத்தைப் பார்த்துத் தாமாகவே கூடிக் குறைய ஓர் ஏற்பாடு எழுதினேன். அவரிடம் காட்டிவிட்டே ஓடவிட்டேன். அன்று மத்தியானம் ஆர்டர் கொட்டியது. பெட்டிகள் தாமாக ஏறின. அண்ணன் டப்பாவைத் திறந்தார். "ஏலே, உங்க மதினி கருவாட்டுக் குழம்பு இம்புட்டு நல்லா வைப்பான்னு இன்னைக்குத்தாம்லே தெரியுது."

பின்னால் நின்ற முதலாளி என் தோளைத் தட்டினார். "கெட்டிக்காரன். அப்ப இந்த சீட்டுக்கு இனி ஆள் வேண்டாம்ல?"

சோற்றில் கை வைத்தபடி அண்ணன் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "பய சுத்தமாப் பண்ணிருக்கான் முதலாளி" என்றார். அந்த மாதத்தோடு அவரை நிறுத்திவிட்டார்கள். முதலாளியிடம் மன்றாடிப் பார்த்தேன். அவர் என் சம்பளத்தைக் கூட்டினார். நான் செய்ததில் தப்பில்லை என்றே எல்லாரும் சொல்கிறார்கள். தப்பென்றால் மன்னிப்புக் கேட்டு முடித்திருப்பேன். இந்தக் கூச்சத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

இப்போது அவர் ஓர் அச்சகத்தில் காலண்டர் லோடு ஏற்றிவிடுகிறார். போன வாரம் போன் செய்தார். "சீசன் எப்படிலே? இன்னைக்கு எத்தனை பெட்டி ஓடுது?"

எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. "இருங்கண்ணே" என்று கறுப்புத் திரையைத் திறந்து மேலம்பை அமுக்கினேன். பெட்டிக் கட்டளை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அப்படியொரு கட்டளையை இந்தக் கணினியில் நான் அடித்ததே கிடையாது. வழவழப்பான அந்தக் கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கம் அண்ணன் பொறுமையாகக் காத்திருந்தார்.