பின்சீட்டில் பீரோ

எங்கள் பக்கத்தில் வண்டிகளின் முன்விளக்கை நேர்படுத்த ஒரே ஆள்தான். லைட்டுக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். தரையில் ஒரு தண்டவாளம், அதில் உருளும் ஒரு பெட்டி. விளக்கின் ஒளி பெட்டிக்குள் விழுந்தால் உள்ளே இருக்கும் கருவி அதை உணர்ந்து முள்ளை ஆட்டும். முள் நடுவில் நின்றால் விளக்கு சரி. இவ்வளவுதான் சங்கதி. ஆனால் அவர் பேச்சைக் கேட்டால், தினமும் சூரியனுக்கே அவர்தான் ஸ்க்ரூ திருகி அனுப்புகிறார் என்று தோன்றும்.

அளக்கும்போது வண்டிக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் கனத்தோடு அளந்தால்தான் கணக்கு சரியாக வரும். இது காதில் விழுந்ததும் அவர் மனைவி விடவில்லை.

"சும்மா உக்கார்ற வேலைதானே? என் தம்பியை விட்டா அதுக்கு ஆள் ஏது?"

அது உண்மைதான். அந்தத் தம்பிக்குத் தெருவில் பீரோ என்று பெயர். அவர் வருவதைப் பார்த்தாலே நாற்காலிகள் சுவரோரம் ஒதுங்கும்.

முதல் வண்டியில் ஓட்டுநர் சீட்டில் ஏறினார். வயிறு ஹாரனில் அழுந்தி நாலு தெரு அலறியது. இறங்கிப் பின்சீட்டில் சாய்ந்தார், உடனே குறட்டை.

"என்னடா, பின்னாடி போயிட்டே?"

"உள்ள ஆள் இருக்கணும்னுதானே சொன்னீங்க மாமா. இதுவும் உள்ளதானே?"

லைட்டுக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது.

பீரோ ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், வெளிச்சம் வானத்துக்குப் போகும். இவர் ஸ்க்ரூவைத் திருகி முள்ளை நடுவுக்கு இறக்குவார். பீரோ இறங்கியதும் வண்டி நிமிரும், வெளிச்சம் பம்பர் காலடியில் விழும். வண்டிக்காரர்கள் மறுநாளே திரும்பி வந்தார்கள்.

"அண்ணே, ரோட்டுல எறும்பு கண்ணு சிமிட்டுறது தெரியுது. எதிர்ல நிக்கிற லாரி தெரியல."

"மெஷின் பொய் சொல்லாது. போயி கண்ணைக் காட்டு."

ஒருவர் நிஜமாகவே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டார். மற்றவர்கள் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் போனார்கள். இந்தக் கடைக்கு அனுமதி கொடுத்தவர் அவர்தான்.

தன் காரிலேயே வந்து இறங்கினார். "என் வண்டிக்குப் பாருங்க. தப்பா இருந்தா இன்னைக்கே பெர்மிட் ரத்து."

பீரோ வழக்கம்போல் பின்சீட்டில் ஏறிக் குறட்டை விட, லைட்டுக்காரர் ஸ்க்ரூவைத் திருகினார். முள் நடுவில் வந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு மூச்சும் வந்தது, மீசையில் கையும் போனது.

அந்த நேரம் பார்த்துப் பீரோ விழித்து, சோம்பல் முறிக்க வெளியே இறங்கினார். முள் மயக்கம் போட்ட மாதிரி சரிந்தது.

ஆய்வாளர் முள்ளைப் பார்த்தார், பீரோவைப் பார்த்தார்.

"ஏறுங்க."

முள் நடுவுக்கு வந்தது.

"இறங்குங்க."

சரிந்தது. பிறந்ததிலிருந்து பீரோ செய்த முதல் உடற்பயிற்சி அதுதான்.

"ஒண்ணு, இதுவரைக்கும் பார்த்த வண்டியெல்லாம் கூப்பிட்டு இனாமா சரி பண்ணிக் கொடுங்க. இல்லைன்னா, வண்டிக்கு வண்டி இவரைப் பின்னாடி வச்சு அனுப்புங்க. ரெண்டும் முடியலைன்னா கடையைப் பூட்டுங்க."

இரண்டாவதைப் பற்றி லைட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முதலாவதற்குத் தலையாட்டினார்.

பெர்மிட் பிழைத்தது. இப்போது ஓட்டுநர் சீட்டில் மணல் மூட்டை உட்காருகிறது. மனைவி சண்டைக்கு வந்தார்.

"என் தம்பியை விட மண்ணு மூட்டை உசத்தியாப் போச்சா?"

"அவனை யாரு நிறுத்துனா? வண்டிக்கு வண்டி மூட்டையை ஏத்தி இறக்குறதே அவன்தான்."

பழைய வண்டிகளெல்லாம் திரும்ப வந்து வரிசையில் நிற்கின்றன. பீரோ பாதியாகிவிட்டார். இப்படியே போனால் ஹாரன் அலறாமல் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அடங்கிவிடுவார். அப்புறம் வேலை போகப்போவது மூட்டைக்குத்தான்.