கீழே நின்று தூக்கியவர்

என் தாய்மாமா வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனியில் சாமான் தூக்குபவர். ஆள் உயரம். அதனால் மாடிப்படியில் எப்போதும் கீழ்ப்பக்கம் அவருக்குத்தான். பாரம் முக்கால்வாசி அந்தப் பக்கம்தான் இறங்கும். மேல்பக்கம் பிடிப்பவருக்கு எல்லோரும் வைத்த பெயர் மொட்டை. நடுவில் பீரோ மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. படிக்குப் படி மாமா குரல் கொடுத்துக்கொண்டே இறங்குவார்: "லேசுதான், வா." கீழே நிற்பவன் கனம் என்று சொல்லிவிட்டால் மேலே இருப்பவனுக்குக் கை உதறும். அவர்கள் தொழிலில் அப்படித்தான்.

மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பழைய மரப்பீரோவை இறக்கிய அன்று மாமாவின் கழுத்து போயிற்று. நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து பார்த்தபோது, மரத்துப்போன இடது கையைச் சட்டையில் நுழைக்க அத்தை உதவிக்கொண்டிருந்தாள். "பழைய வலி, எங்கள் வேலையால் வந்ததில்லை" என்று கம்பெனி கைகழுவிவிட்டது. மாமா இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். ஜெயித்தால் ஆபரேஷன். இல்லாவிட்டால் இடது கை மரத்தது மரத்ததுதான்.

விசாரணையில் கம்பெனி வக்கீல் கேட்டார். "பீரோ இறக்கும்போது என்ன சொன்னீங்க?"

"லேசுதான்னு சொன்னேன்."

"கடைசிப் படி வரைக்கும்?"

"ஆமாங்க."

வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். அத்தை என் காதைக் கடித்தாள். "பொய் சொல்லத்தான் வராது. வாயை மூடிக்கவுமா வராது இந்த மனுஷனுக்கு?"

அடுத்து மொட்டை, கம்பெனித் தரப்புச் சாட்சி. இன்னும் அங்கேயே வேலை பார்ப்பவர். வக்கீல் மறுபடி எழுந்து கேட்டார்.

"லேசுன்னு அவர் சொன்னது உங்க காதுல விழுந்ததா?"

"விழுந்துச்சு. பியானோ இறக்கினப்பவும் லேசுன்னுதான் சொன்னாரு. இரும்புப் பெட்டிக்கும் அதேதான். பாரம் அவர் பக்கம், பயம் என் பக்கம். அதுக்காகச் சொல்றதுங்க."

வக்கீல் இடைமறிக்கப் போனார். நீதிபதி கையமர்த்தி, "அன்னிக்கு வித்தியாசமா ஏதாவது?" என்றார்.

"நடுப்படியில மளுக்குன்னு ஒரு சத்தம். பீரோ காலுன்னு நெனச்சேன். அப்புறம் இவர் குரலே வேற மாதிரி ஆயிடுச்சு. ஆனா கையை விடல. விட்டிருந்தா நானும் பீரோவோட உருண்டிருப்பேன்."

காயம் வேலையில் பட்டதுதான் என்று நீதிபதி எழுதினார். ஆபரேஷன் செலவு கம்பெனி தலையில் விழுந்தது.

வெளியே மாமா மொட்டையிடம் கேட்டார். "உன் வேலை போயிடுமேடா?"

"போனா போகுது. புதுசா வந்தவன் கீழ நின்னுக்கிட்டு ஒவ்வொரு படிக்கும் 'ஐயோ அம்மா'ங்கிறான். அவனோட எவன் இறங்குவான்?"

மாமா சிரிக்கப்போய், கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.